மந்தனியின் கன்னத்திண்டு

சிங்கத்தின் முகத்தில் துளை போடக் கூடாது என்று என் மனைவி சொன்னபோது துளைப்பான் ஏற்கெனவே என் கையில் இருந்தது.

துப்பாக்கி அவள் அப்பாவுடையது. நீளக் குழல் கொண்ட பழைய பெர்னோ. தோட்டா அறையின் மேல் வளைவில் வாளேந்திய சிங்கமும் அதன் முதுகில் சூரியனும் பொறித்திருக்கும். மாமனார் போனபின் உரிமம் மூத்த மகன் மந்தனியின் பெயருக்கு மாறியது. ஆனால் துப்பாக்கியில் பாதி தனக்கு என்று குலாபதூன் அன்றே சொல்லிவைத்தாள். எந்தப் பாதி என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சிங்கம் இருக்கிற பாதி என்பது இப்போதுதான் தெரிந்தது.

"கீழ வை ஷாபூர்."

"வேற எங்க போடறது? தாங்கி உக்கார்ற இடமே அதுதான்."

"சிங்கத்து மூஞ்சியில ஓட்டை போட்டுட்டு ராத்திரி வந்து எங்கிட்ட சோறு கேக்காதே. அவ்வளவுதான் சொல்லுவேன்."

பட்டறை மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மந்தனி மச்சான் தங்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ சொன்னா சொன்னதுதான் மாப்பிள்ளை. அவ தவழற வயசிலேர்ந்து நான் அவகிட்ட தோத்துட்டு வர்றேன். இப்ப நீயும் பழகிக்க."

விஷயம் இதுதான். எங்கள் ஊர் பர்ஜூவில் ஆற்றோர வயல்களில் சம்பா நெல் முற்றிக்கொண்டிருந்தது. அறுப்புக்கு இன்னும் சில நாட்கள் வேண்டும். அதற்குள் எதிர்ச் சரிவின் கருவாலிக் காட்டிலிருந்து ஒரு பன்றிக் கூட்டம் இறங்கிப் பழகிவிட்டது. தின்பது கொஞ்சம், புரண்டு நாசமாக்குவது அதிகம். மேல் வயல்கள் போயே போய்விட்டன. கீழ் வயல்களாவது மிஞ்சினால்தான் ஊருக்கு அந்த வருடம் சோறு. கூட்டத்தை நடத்திவருவது ஒற்றைக் காதுள்ள ஒரு கிழட்டு ஆண். நாய்களை அது கிழித்துப் போட்ட பிறகு எந்த நாயும் ஆற்றுப் பக்கம் போகவில்லை. அது கடைசி வெளிச்சத்தில்தான் வரும். எதிர்ச் சரிவில் இருக்கும் ஒரு பாறை இடுக்கு வழியாக மட்டுமே வரும். அந்த இடுக்கு தெரிவது எங்கள் பக்கத்துப் பாறைத் தட்டிலிருந்து மட்டும்தான். நடுவே ஆறு, இருநூறு மீட்டர் தூரம். இன்னும் கிட்டப் போனால் மோப்பம் பிடித்துவிடும்.

சுற்றுச்சூழல் அலுவலகம் ஒரே ஒரு துப்பாக்கிக்கு அனுமதி தந்திருந்தது. வெள்ளிக்கிழமை இருட்டும் வரைதான் அது செல்லும். அந்த ஒரு துப்பாக்கி யாருடையது என்பதில் ஊரில் வாக்குவாதமே இல்லை. மந்தனியைப் போலக் குறி பார்க்கிறவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆனால் போன வாரம் தட்டில் படுத்து அவர் சுட்டபோது, பின் குறியின் வெட்டும் முன் குறியின் நுனியும் பன்றியும் எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்பாகிவிட்டன. தோட்டா மரத்தில் போய்ப் பதிந்தது. பக்கத்து வயல்காரர் அலிமொராத் மறுநாள் டீக்கடையில், பெரியவர்களுக்கு முன்னால் சேர்க்கும் 'கா'வையும் மரியாதையாகச் சேர்த்து, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னாராம்: "கருவாலி மரம் ஒண்ணு நம்ம கா மந்தனி கையால போய்ச் சேர்ந்துடுச்சு. நல்ல மரம். யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்ல."

ஆகவே தொலைநோக்கி. என் பட்டறையில் நான்கு மடங்கு பெரிதாக்கும் ஒன்று இருந்தது. அந்தி வெளிச்சத்தை நன்றாக வாங்கும். அதைத் துப்பாக்கியில் உட்கார வைக்கும் தாங்கிகள் இரண்டு வகையில் இருந்தன. முதலாவது மேலே வைப்பது. குட்டையானது, உறுதியானது, தொலைநோக்கி குழலை ஒட்டித் தாழ்வாக இருக்கும். அதன் திருகாணி சரியாகச் சிங்கத்தின் முகத்தில் இறங்கும். தவிர, பெர்னோவில் தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட்டின் கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருப்பதால், தூக்கினால் தொலைநோக்கியில் இடிக்கும்; அதைச் சூடாக்கி வளைக்க வேண்டும். இரண்டாவது பக்கவாட்டுத் தாங்கி. தோட்டா அறையின் இடது சுவரில் பொருந்தி, இரண்டு கைகளை மேலே நீட்டித் தொலைநோக்கியைப் பிடித்துக்கொள்ளும். உயரம் அதிகம், அதனால் கைப்பிடி அடியில் தாராளமாகப் போய்வரும். சிங்கமும் தப்பிக்கும்.

எனக்குப் பிடித்தது முதலாவதுதான். காரணம், உயரமான தாங்கி ஒரு தொல்லையைக் கூடவே கூட்டி வரும். பெர்னோவில் தோளோடு அணைக்கும் மரக்கட்டை, குழலோடு கண்ணை ஓட்டிப் பார்ப்பதற்காகச் சரிவாகச் செதுக்கியது. கண் உயரப் போனால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். முகவாய் மட்டும் கட்டையைத் தொடும். கன்னம் ஒட்டாமல் சுடுவது ஒற்றைக் காலில் நின்று நெல் தூற்றுவது மாதிரி.

இதையெல்லாம் வரிசையாக எடுத்துச் சொன்னேன். குலாபதூன் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி. பக்கத்துலயே போடு."

"இடது சுவத்துல எழுத்து இருக்கே. தொழிற்சாலைப் பேரு. அது மேலதான் திருகாணி வரும்."

அவள் துப்பாக்கியைத் திருப்பி எழுத்தைப் பார்த்தாள். எங்கள் பாரசீக எழுத்தில்தான் பொறித்திருக்கிறது, பெர்னோ என்று. கொஞ்சம் யோசித்தாள். "எழுத்துன்னா பரவால்ல. மறுபடி எழுதிக்கலாம். சிங்கம் போனா வராது."

உருக்கு கடினமானது. எண்ணெய் விட்டு விட்டு மெதுவாகத்தான் துளைக்க முடிந்தது. அளந்து குறித்ததில் ஒரு துளை, பெர்னோவில் வரும் 'நூன்' என்ற எழுத்தின் தலைப்புள்ளி மேலேயே விழுந்தது. புள்ளி போய்விட்டது. மரை வெட்டித் திருகாணியை முடுக்கியபோது அதன் தலை புள்ளி இருந்த இடத்தில் பளபளவென்று உட்கார்ந்தது.

"முன்னைக்கு இப்ப நல்லா படிக்க முடியுது," என்றாள் குலாபதூன்.

திருகாணி நுனிகள் உள்பக்கம் எட்டிப் பார்த்தால் போல்ட் சிக்கிக்கொள்ளும். அரத்தால் அவற்றை உள்சுவரோடு சமமாக ராவி, போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன். எண்ணெயில் போவது போலப் போயிற்று. தொலைநோக்கியைப் பொருத்தினேன். கீழே சிங்கம், மேலே குழாய், நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி.

அடுத்தது கன்னத்திண்டு, அந்தரத்தில் நிற்கும் கன்னத்துக்குக் கட்டைமேல் ஓர் அணை. இதற்கு ஒரு முறை உண்டு. சுடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தை அது விழுகிற இடத்தில் விழவிட வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். கழுத்தை அசைக்காமல் தொலைநோக்கிக்குள் முழு வட்டமும் தெரிந்தால் திண்டு சரி. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் திண்டைக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். மேய்ப்பர்கள் போர்த்தும் கம்பளி அங்கி ஒன்று என்னிடம் கிழிந்து கிடந்தது. ஆட்டு மயிரை நனைத்து மிதித்து இறுக்கிய கம்பளம், அழுத்தினால் நசுங்காது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டைக்கும் மச்சான் கன்னத்துக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் சொருகினேன்.

நடுநடுவே டீ. மச்சானுக்கு டீ என்றால் சடங்கு. அகவாஸ் பட்டணத்தில் இருக்கும் மகள் கட்டிக்கொடுத்த புதுப் பல் செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். அதன் அடியில் சர்க்கரை புகுந்தால் ஈறு எரியுமாம். பிறகு சர்க்கரைக் கட்டியை வாயில் அதக்கிக்கொண்டு உறிஞ்சுவார். ஒரு கோப்பைக்கு இரண்டு கட்டி.

"இப்ப?"

"பிறை."

இன்னொரு துண்டு.

"இப்ப?"

"தேய்ஞ்சுட்டு வருது... இன்னும் ஒண்ணு வை. ஆங்! முழு நிலா மாப்பிள்ளை! எதிர்வீட்டுக் கூரைமேல புறா கண்ணைச் சிமிட்டறது தெரியுது."

நான்கு துண்டுகளை அடுக்கி ஒட்டிக் கட்டையில் கட்டினேன். பெருமையாகப் போல்ட்டை இழுத்தேன். பாதி வழியில் அது திண்டின் நெற்றியில் முட்டி நின்றது. ரொம்ப முன்னால் கட்டிவிட்டேன். மச்சான் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்த சிரிப்பில் டீ என் சட்டையில் தெறித்தது.

"ஒரே ஒரு தோட்டாதான் சுடலாம், அப்புறம் பன்னிகிட்ட மன்னிப்புக் கேக்கணும், அப்படித்தானே?"

நான்கு விரல் பின்னால் தள்ளி, முன்முனையைச் சரிவாகச் சீவி, மறுபடி கட்டினேன். நனைத்த ஆட்டுத்தோலை அதன்மேல் இழுத்துப் போர்த்தி வாரால் தைத்தேன். காய்ந்தால் தோல் சுருங்கி இரும்பாகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தது, பிடித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வறண்ட ஓடைப் படுகையில் நூறு மீட்டரில் அட்டை நட்டு, கரியால் வட்டம் போட்டோம். வனக்காவலர் இஸ்பந்தியார் வந்திருந்தார். அலிமொராத் அழைக்காமலே வந்திருந்தார். மச்சான் இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கம்பளத் தொப்பி, வாய் நிறைய வெள்ளைப் பல் என்று மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தார்.

முதல் தோட்டா அட்டையின் மேல் மூலையில் விழுந்தது. இரண்டாவது இடது பக்கம். மூன்றாவதைத் தேடினோம், கிடைக்கவில்லை.

"அந்தப் பக்கம் மரம் ஏதும் இல்லியே?" என்று அலிமொராத் கவலையோடு கேட்டார்.

இஸ்பந்தியார் சிரிக்கவில்லை. "கா மந்தனி, மன்னிச்சுக்கணும். இப்படின்னா இன்னிக்கு சாயங்காலம் நான் உங்களைத் தட்டுல ஏத்த முடியாது. அடிபட்ட பன்னி வயலுக்குள்ள ஓடிவந்தா, அங்க காவலுக்கு நிக்கற பொம்பளைங்க கதி? மூணு தோட்டா என் உள்ளங்கைக்குள்ள விழட்டும். அப்புறம் பேசலாம்."

திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்றும் அசையவில்லை. தாங்கியைக் கையால் நெம்பினேன், மலை மாதிரி நின்றது. நானே படுத்துச் சுட்டேன். கன்னம் எனக்குப் பொருந்தாததால் கழுத்தை முறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இரண்டு தோட்டா. இரண்டும் வட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. அப்படியானால் துப்பாக்கியில் கோளாறு இல்லை.

"கொண்டாங்க, நான் பாக்கறேன்," என்று அலிமொராத் பிடுங்கிக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கண்ணைக் குழாயில் ஒட்டி வைத்து விசையை இழுத்தார். உதைப்பில் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்துக்கு மேல் அரைவட்டமாக ஒரு முத்திரை குத்தியது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "துப்பாக்கி ரொம்ப நல்லாருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்தார்.

மச்சான் சிரிக்கக்கூட இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு போயிடுச்சு மாப்பிள்ளை. வெளிய சொல்லாதே. கறுப்புப் பிறை வந்து வந்து போகுது. தலையைத் தூக்கினா ஒரு பக்கம், இறக்கினா ஒரு பக்கம்."

"நேத்து புறா கண்ணைச் சிமிட்டினது தெரிஞ்சுதே?"

"அதான் எனக்கும் புரியல. ஒரு நாள்ல ஒரு மனுஷனுக்குக் கண்ணு போகுமா?"

"முதல்ல ஒரு டீ குடிப்போம்," என்றேன். குலாபதூன் பிளாஸ்கைத் திறந்தாள். அண்ணனுக்கு இரண்டு கட்டி சர்க்கரை. அவர் மனம் எங்கோ இருக்க, பல்லைக் கழற்றிப் பையில் போட்டார், உறிஞ்சினார், கோப்பையை வைத்தார், பழக்க தோஷத்தில் காலித் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தார். அப்படியே சிலையானார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான்."

"நிலா முழுசா இருக்கு."

முதலில் புரிந்துகொண்டவள் குலாபதூன்தான். அண்ணனுடைய ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள், அது திண்டில் புதைந்திருப்பதைப் பார்த்தாள், சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அண்ணே, பல்லைப் போடு."

போட்டார். கன்னம் உப்பியது. துப்பாக்கியை வைத்துப் பார்த்தார். "பிறை."

"கழட்டு."

"முழுசு."

"போடு."

"பிறை! அட, இதென்னடி மாயம்!"

மாயமெல்லாம் இல்லை. பட்டறையில் நான் அளவெடுத்ததெல்லாம் டீ வேளையில். பல்லில்லாத கன்னத்துக்குக் கச்சிதமாகத் திண்டு செய்துவிட்டு, பல் வைத்த முகத்தை அதன்மேல் வைக்கச் சொன்னால் கண் எங்கே போய் நிற்கும்? விரல் தடிமன் மேலே, விரல் தடிமன் வெளியே. அலிமொராத் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரண்டு சிரித்தார். இஸ்பந்தியார் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஒரு துண்டை உருவிடறேன் மச்சான்," என்றேன். "ஆனா தோலைப் பிரிச்சா மறுபடி காயணும். நாளைக்குத்தான் ஆகும்."

"நாளைக்கு எவன் விடுவான்? அனுமதி இன்னிக்கோட சரி."

"அப்போ பல்லைக் கழட்டிட்டே சுடுங்க."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முடியாது. சாயங்காலம் ஊரே அந்தத் தட்டுக்குக் கீழ வந்து நிக்கும். சம்பந்தி வீட்டு ஆளுங்களும் வருவாங்க. பொக்கை வாயோட என்னை அவங்க பாக்கணுமா? மக எவ்வளவு ஆசையாக் கட்டிக்கொடுத்தா!"

குலாபதூன் அவர் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஒண்ணு சொல்லு. பல்லா, நெல்லா?"

மச்சான் ஆற்றுப் பக்கம் பார்த்தார். கீழ் வயல்கள் மஞ்சள் ஏறிக் காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தன. வாய்க்குள் விரலை விட்டார்.

"பிடி," என்று பல்லைத் தங்கை உள்ளங்கையில் வைத்தார். "சொத்துல பாதி பாதின்னு கேட்டியே, இதுவும் உன் பாதிதான்."

பிறகு படுத்தார். மூன்று தோட்டா. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் கன்னத்தைத் திண்டில் விட்டு, மூச்சை விட்டு, மிச்ச மூச்சில் விசையை இழுத்தார். நாங்கள் நடந்துபோய் அட்டையைப் பார்த்தோம். இஸ்பந்தியார் தன் கையை அதன்மேல் வைத்தார். மூன்றும் உள்ளங்கைக்குள் மறைந்தன. விரல்களுக்கு வேலையே இல்லை.

"ஏறுங்க தட்டுல," என்றார்.

சூரியன் மலைக்குப் பின்னால் போனபோது நாங்கள் நால்வரும் பாறைத் தட்டில் குப்புறப் படுத்திருந்தோம். மச்சான் அங்கியைச் சுருட்டிக் குழலுக்கு அடியில் வைத்திருந்தார். காற்று எங்கள் முகத்தில் அடித்தது, அது நல்லது. கீழே வயல் வரப்புகளில் பெண்கள் சத்தமில்லாமல் நின்றார்கள். எதிர்ச் சரிவு முதலில் பழுப்பானது, பிறகு சாம்பலானது, பிறகு என் கண்ணுக்கு ஒரே கறைதான். இஸ்பந்தியார் தன் சின்னப் பைனாகுலரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் தெரியல," என்று அலிமொராத் கிசுகிசுத்தார்.

"உனக்குத் தெரியாது. ஷத்தம் போடாதே." பல்லில்லாத வாயில் வார்த்தைகள் காற்றாக வந்தன. "இடுக்குல ஒரு மூக்கு. தாய்ப்பன்னி. பின்னாடி குட்டிங்க, ஒண்ணு, ரெண்டு... நிறைய."

"சுடுங்க கா மந்தனி!"

"இதைச் சுட்டா அவன் வரமாட்டான். நாளைக்கு வேற வழியா வேற கூட்டத்தைக் கூட்டிட்டு வருவான். அவன் கடைசியாத்தான் வருவான்."

நாங்கள் காத்திருந்தோம். வெளிச்சம் சல்லடையில் தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் குளம்பு படும் ஒலி மெல்லக் கேட்டது. முன்னால் வந்தவை ஆற்றுக்கே வந்துவிட்டன. இன்னும் சற்றுப் போனால் அவை நெல்லுக்குள் இருக்கும்.

"மச்சான்..."

"பொறு."

"ஆத்தைத் தாண்டறாங்க மச்சான்..."

"பொறுன்னேன்ல. ஆங். வந்துட்டாரு துரை. நிக்கறாரு. மோந்து பாக்கறாரு. ஒரு காது..." மூச்சு நின்றது.

துப்பாக்கி முழங்கியது. மலை அதைத் திரும்பச் சொன்னது. முழக்கம் அடங்குவதற்குள் போல்ட் கைப்பிடி குழாயின் அடியில் ஏறி இறங்கும் ஓசை கேட்டது. ஆனால் அவர் கன்னம் திண்டைவிட்டு ஒரு நூல்கூட எழவில்லை. இரண்டாவது தோட்டாவுக்கு விரல் தயாராக இருந்தது. அவர் சுடவில்லை.

கீழே ஆற்றில் ஒரே கலவரம். எதையும் எங்களால் பார்க்க முடியவில்லை.

"விழுந்துச்சா?" என்றார் இஸ்பந்தியார்.

துப்பாக்கிக் குழல் மட்டும் எதையோ பின்தொடர்ந்து மெல்ல நகர்ந்தது.

"மச்சான், பட்டுச்சா, படலியா?"

வரப்பிலிருந்து குலாபதூனின் குரல் ஏறி வந்தது: "அண்ணே! என்னாச்சு?"

அந்தப் பள்ளத்தாக்கில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அதை அவர் நிதானமாக அனுபவித்தார். பிறகு வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"தாய் திரும்பிட்டா. குட்டிங்களை இழுத்துட்டு ஆத்தைவிட்டு மேல ஏறறா. ஒண்ணு வழுக்குது, எழுந்துடுச்சு. எல்லாம் இடுக்கை விட்டு மேல, இன்னும் மேல. மலை முதுகைத் தாண்டறாங்க. போயாச்சு. அந்தப் பக்கம் இறங்கியாச்சு."

"அவன்? ஒத்தக்காதன்?"

"நீ கேக்கற ஆள் இடுக்கு வாசல்ல படுத்திருக்காரு அலிமொராத். விழுந்த இடத்துலயே. கால்கூட உதைக்கல."

நான் எழுந்து நின்று கீழே கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. முதலில் ஒரு வரப்பிலிருந்து குலவை கிளம்பியது. அது குலாபதூனுடையது, எனக்குத் தெரியும். அடுத்த வரப்பு அதை வாங்கிக்கொண்டது, அதற்கடுத்தது, வயல் வயலாக, கடைசி வாய்க்கால் வரை. அலிமொராத் கட்டுப் போட்ட நெற்றியோடு எழுந்து ஆட ஆரம்பித்தார். இஸ்பந்தியார் அவர் விழாமல் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு அரிவாளைத் தீட்டுங்கடா!" என்று கீழே யாரோ கூவினார்கள்.

மச்சான் மட்டும் எழவில்லை. தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுக் கன்னத்தை மறுபடி திண்டில் வைத்து எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான், கீழ எல்லாரும் கூப்பிடறாங்க."

"இரு மாப்பிள்ளை. இடுக்கு காலியா இருக்கு." பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு. "என்ன அழகா காலியா இருக்கு!"